ப. சிங்காரம் புதினங்களில் ஓய்வுப்பொழுது: கடையும் நகரும்

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழர் குறித்த இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் உழைப்பையும் துயரத்தையுமே மையமாகக் கொள்கின்றன. வேலை முடிந்தபின் அம்மனிதர் எங்குச் சென்றார், யாருடன் பேசினார் என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய புதினங்கள் இவ்வினாவிற்கு விடை தேட உதவுகின்றன. சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் 1938இல் சுமத்திராவின் மெடான் நகருக்குச் சென்று கடையொன்றில் பணிபுரிந்தார். 1946இல் தாயகம் திரும்பினார். ஆகவே அவர் காட்டும் ஓய்வுப்பொழுது, கடை ஊழியர் உள்ளிருந்து அறிந்த ஒன்றாகும்.

கடைக்குள் இல்லாத ஓய்வு

தென்கிழக்காசியாவின் வட்டிக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் படிநிலை இருந்தது. பணியிடமே உறைவிடமாகவும் அமைந்தது. மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரில் இருந்தனர். பகலில் கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் படுப்பவனுக்குக் கடைக்குள் ஓய்வு என ஒன்று இருக்க இயலாது. அவன் ஓய்வைப் பெறுவதற்கு நகருக்குள் செல்ல வேண்டும்.

'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியனும் நண்பர்களும் மது அருந்தியவாறு நிகழ்த்தும் நீண்ட உரையாடல்களை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். அவை கதையோட்டத்தைத் தடுக்கின்றன, கட்டுக்கோப்பைக் குலைக்கின்றன என்று ஒருவர் கருதலாம். ஆனால் தமிழ்ப் பெருமிதத்தை எள்ளி நகையாடும் துணிவு அந்த மேசையில்தான் அவர்களுக்கு வாய்க்கின்றது. சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும் பாண்டியன் நினைவில் விரிவதும் வேலையின் பிடி தளர்ந்த பொழுதுகளில்தான். கடையில் அவன் ஊழியன், போரில் படைவீரன். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஓய்வில்தான் சிந்திக்கும் தனிமனிதனாகின்றான். எனவே இவ்வுரையாடல்களை நீக்கினால் புதினத்தில் எஞ்சுவது வீரசாகசக் கதை மட்டுமே.

எல்லைகள்

இவ்வோய்வு அனைவருக்கும் உரியதாகப் படைக்கப்படவில்லை. அது ஆண்களின் உலகம். பெண்கள் அங்குப் பெரும்பாலும் நுகர்வுக்குரியவராகவோ நினைவுக்குரியவராகவோ வருகின்றனர். பெண்ணின் ஓய்வு எங்கே என்ற வினாவிற்கு இப்புதினத்தில் விடையில்லை. இரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் மாலைப்பொழுதும் கடை ஊழியருடையதைப் போல நெருக்கமாகச் சித்திரிக்கப்படவில்லை. சிங்காரத்தைப் போற்றும் திறனாய்வு இவ்விடைவெளியையும் பதிவு செய்தல் வேண்டும்.

இன்றைய பொருத்தம்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடும் ஒப்பந்தத் தொழிலாளரிடம் இவ்வினா இன்றும் தொடர்கின்றது. 2013 டிசம்பர் 8 கலவரத்திற்குப் பின் அப்பகுதியில் மது விற்பனைக்கும் அருந்துவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் விடுதியை விட்டு வெளியேறுவதற்கே அனுமதி தேவைப்பட்டது. 2022 ஜூனில் அக்கட்டுப்பாடு தளர்ந்தபோதும், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு தொடர்ந்தது. நாளொன்றுக்கு 80,000 பேர் என எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. உயர்பதவியில் இருக்கும் அயல்நாட்டவரின் வார இறுதிக்கு இத்தகைய கணக்கு இருந்ததில்லை.

முடிவுரை

சிங்காரத்தின் புதினங்களில் ஓய்வு, புலம்பெயர்ந்தவன் தன்னை மீட்டெடுக்கும் களமாக உள்ளது. உழைப்பை மட்டும் ஆராயும் திறனாய்வு, அறியாமலேயே முதலாளியின் கணக்கேட்டு வழியாக அவனைப் பார்க்கின்றது. அவன் ஞாயிற்றுக்கிழமையையும் ஆய்வுப் பொருளாக்குவது, அவனை முழு மனிதனாக ஏற்பதன் முதற்படியாகும்.