குற்றவாளியும் சுற்றவாளியும்

சட்டத்தை மீறியோரைக் குறிக்கும் சொற்களுக்கு நமது தமிழில் பஞ்சமில்லை. கள்ளன், காடையன், சண்டியன், குடுக்காரன், கொலைகாரன், பயங்கரவாதி எனப் பட்டியல் நீளும். ஆனால் இச்சொற்கள் மனிதரை என்ன செய்கின்றன என்பதை நமது விமர்சனம் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். 'கொலை செய்தவர்' என்பதில் ஒரு செயலும் அதன் காலமும் உண்டு. 'கொலைகாரன்' என்பதில் காலம் இல்லை. பால்காரன், மீன்காரன் போல அது ஒருவரின் அன்றாடத் தொழிலாகவே ஆகிவிடுகிறது. விகுதியையும் நோக்குக. சைக்கிள் திருடிய ஏழை 'திருடன்' ஆகிறான். கோடிக்கணக்கில் கையாடிய அதிகாரியோ 'மோசடியில் ஈடுபட்டவர்' ஆகிறார். ஒருவனுக்கு 'ன்', மற்றவருக்கு 'ர்'. சட்டம் பார்க்காத வர்க்கத்தை மொழி பார்க்கிறது.

நீதிமன்றத் தமிழ் இவ்விடயத்தில் நிதானமானது. கைதானவர் சந்தேகநபர், குற்றம் சாட்டப்பட்டால் எதிரி, நிரூபிக்கப்பட்ட பின்னரே குற்றவாளி. நிரூபிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளியே என 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரையும் கூறுகின்றது. ஆயினும் வழக்கின் மறுதரப்பைச் சுட்டும் 'எதிரி' என்ற சொல், நீதிமன்ற வாசலைத் தாண்டியதும் பகைவன் என்றே பொருள்படுகிறது. 'சுற்றவாளி'யோ வாசலைத் தாண்டுவதே இல்லை. அன்றாடப் பேச்சில் அச்சொல்லை எவரும் எடுப்பதில்லை.

விடுபட்டவருக்கு நாம் வைத்திருக்கும் சொல் 'விடுதலை'. பிணையில் வந்தவரும், தண்டனை முடித்தவரும், பொதுமன்னிப்புப் பெற்றவரும், குற்றமே செய்யாதவர் எனத் தீர்ப்புப் பெற்றவரும் ஒரே சொல்லால் 'விடுதலை' ஆகின்றனர். குற்றத்துக்கு இத்தனை பெயர் வைத்த மொழிவழக்கு, குற்றமின்மைக்கு ஒரு தனிப் பெயரைப் புழக்கத்தில் விடவில்லை. 'நிரபராதி', 'குற்றமற்றவர்' ஆகியவையும் குற்றத்தை உள்ளே சுமந்துகொண்டே அதை மறுக்கின்றன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதம் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவரது கவிதைகளே அவருக்கெதிரான சந்தேகத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. சுமார் 19 மாதங்களின் பின், 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்த ஆண்டுக் கணக்கை நாம் ஒழுங்காகச் சொல்கிறோமா? 'உள்ளே இருந்து வந்த கவிஞர்' என்று அனுதாபத்துடன் நானும்தான் சொல்லியிருக்கிறேன். அனுதாபம் உண்மையானது, சொல் பிழையானது. அது சிறையைச் சொல்கிறது, தீர்ப்பைச் சொல்லவில்லை. கவிதையைப் பற்றியோ ஒன்றுமே சொல்லவில்லை.

சொற்களை மென்மையாக்கினால் பாதிக்கப்பட்டோருக்கு அநீதியாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் மனிதரைக் கொன்றவர்களைக் கொலைகாரர் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. நான் கேட்பது மென்மையை அல்ல, துல்லியத்தை. அன்று செய்தவர்களுக்குரிய பெயரை அதன் பின்னர் செய்யாதவர்கள் மீதும் அள்ளி வீசியதால், அச்சொல்லே கூர் மழுங்கிப் போனது. பாதிக்கப்பட்டோருக்கும் அதனால் நன்மை விளையவில்லை.

நமது சிறுகதையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊர்க் கள்ளனைக் கதைக்குள் கொண்டுவரும்போது முதல் வரியிலேயே அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். பின்னர் அவன் பசியையோ பிள்ளையையோ எவ்வளவு எழுதினாலும் அது கள்ளனின் பசியாகவே வாசிக்கப்படுகிறது. முதலில் அவனுக்கு ஓர் பெயரைக் கொடுப்போம். களவை அது நடக்கும் இடத்தில் எழுதுவோம். கட்டுரை எழுதுபவர்கள் 'பிணையில் வந்தார்', 'தண்டனை முடித்து வந்தார்', 'சுற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார்' என்ற மூன்றையும் வேறு வேறாக எழுதப் பழகுவோம். இதற்குச் சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை.