மூன்றாம் அங்கத்தில் மன்னிப்பவர் யார்?

நகைச்சுவைப் படம் என்றாலே 'லாஜிக் பாக்காதே, சிரிச்சிட்டுப் போ' என்று சொல்லிவிடும் பழக்கம் நம் இலக்கிய நண்பர்களிடமும் இருக்கிறது, இயக்கத் தோழர்களிடமும் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அழ வைக்கும் படத்தைவிடச் சிரிக்க வைக்கும் படத்துக்குத்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும். யார், எந்த நேரத்தில், எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறார் என்பது கொஞ்சம் பிசகினாலும் சிரிப்பு செத்துப்போகும். இவ்வளவு கறாரான கட்டுமானம் யாருக்காக வேலை செய்கிறது என்று கேட்காமல் விடுவதற்கில்லை.

தொடக்கம், நடு, முடிவு என்று அரிஸ்டாட்டில் துன்பியலை வைத்துச் சொன்னதை, 1979இல் சிட் ஃபீல்ட் தன் 'ஸ்கிரீன்ப்ளே' நூலில் ஹாலிவுட்டுக்கான பக்கக் கணக்காக்கினார். 120 பக்கத் திரைக்கதையில் முதல் 30 பக்கம் அமைப்பு, நடு 60 பக்கம் மோதல், கடைசி 30 பக்கம் தீர்வு. நம் படங்களில் குறுக்கே இடைவேளை வந்து விழுந்தாலும் கதையின் ஓட்டம் பெரும்பாலும் இதேதான். ஆள்மாறாட்ட நகைச்சுவையில் இதை இப்படி வாசிக்கலாம்: முதல் அங்கத்தில் ஒரு பொய் தேவைப்படுகிறது, இரண்டாவதில் அது குட்டி போடுகிறது, மூன்றாவதில் குட்டு உடைந்து, மன்னிப்பு கிடைத்து, கல்யாணம் நடக்கிறது.

அதே 1979இல் இந்தியில் வந்த ரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல் மால்', 1981இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் 'தில்லு முல்லு' ஆயிற்று. வேலை தேடும் இளைஞன் (ரஜினிகாந்த்). முதலாளிக்கு (தேங்காய் சீனிவாசன்) மீசை இல்லாதவன் மேல் நம்பிக்கை கிடையாது. விளையாட்டு, பொழுதுபோக்கு என்றால் ஆகாது. இவன் மீசையோடு போய் வேலை வாங்குகிறான். பிறகு மைதானத்தில் மாட்டிக்கொண்டதும், மீசையில்லாத இரட்டைத் தம்பி ஒருவனை உண்டாக்குகிறான். இல்லாத தம்பிக்காக இல்லாத அம்மாவும் வர வேண்டியிருக்கிறது.

பார்வையாளர் இதற்குள் எப்படி இழுக்கப்படுகிறார்? முதலாளிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். முதல் அங்கமே நம்மைப் பொய்க்குக் கூட்டாளியாக்கிவிடுகிறது. இரண்டாம் அங்கத்தில் 'ஐயோ மாட்டிக்குவானே' என்று நாம் பதறுவது அவனுக்காக மட்டுமல்ல. முதலாளி முன்னால் வேறு முகம் வைத்துக்கொண்டு நின்ற அனுபவம் இல்லாத கூலிக்காரர் யார்? அங்கே வெடிக்கிற சிரிப்பு, ஒட்டுமீசையை நம்பும் அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பக்தின் சொன்ன திருவிழாத் தலைகீழாக்கத்துக்கு நாம் மிக அருகில் வருவது இங்கேதான்.

பிறகு மூன்றாம் அங்கம் வருகிறது. தடையாக நின்ற பெரியவரை நகைச்சுவை விரட்டுவதைவிடப் புதிய சமூகத்துக்குள் சேர்த்துக்கொள்ளவே பார்க்கும் என்றார் நார்த்ராப் ஃப்ரை (1957). கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்? வேலைக்காகப் பொய் சொன்னவன் மன்னிக்கப்படுகிறான். மீசையைத் தகுதியாக்கி அவனைப் பொய் சொல்ல வைத்தவரை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அவர் தப்புச் செய்ததாகக் கதையாடல் பதிவு செய்வதே இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம் என்று தொடங்கிய பிரச்சினை, முதலாளி வீட்டு மருமகன் என்கிற ஒற்றைக் காலியிடத்தில் தீர்ந்துபோகிறது. வரிசையில் நின்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள்? படம் முடிஞ்சிருச்சு, எழுந்திருங்க.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறதே, தனி நகைச்சுவைப் பகுதி, என்று சிலர் சொல்லலாம். 'கரகாட்டக்காரன்' (1989) படத்து வாழைப்பழக் காட்சியை எடுத்தால் மையக் கதை துளியும் மாறாது. அதற்கென்று மூன்றாம் அங்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இரண்டு பழம் வாங்கச் சொன்ன கவுண்டமணிக்குச் செந்தில் காட்டுவது ஒன்று. இன்னொன்று எங்கே என்றால், அதுதான் இது என்கிறார். இந்தப் பதிலை மறுக்க வாதம் இல்லை. வாதம் தீர்ந்த இடத்தில் கை ஓங்குகிறது. அதிகாரத்தைப் பற்றிய துல்லியமான சித்திரம் இது என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனால் தீர்வு இல்லாததால் கணக்குத் தீர்ப்பும் இல்லை. அடி வாங்கியவர் அடுத்த காட்சியில் மறுபடி அடி வாங்க வருகிறார், அடுத்த படத்திலும். உடலை, நிறத்தை, உருவத்தை வைத்து வசைபாடுவது வழக்கமாக இறுகிப்போனதும் இந்தப் பாதையில்தான். தொலைக்காட்சி இத்துண்டுகளைக் கதையிலிருந்து நறுக்கித் திரும்பத் திரும்பப் போடும்போது மிஞ்சுவது உதை மட்டுமே.

ஆக, முடிவை வெட்டியெறிந்தால் விடுதலை வந்துவிடாது. முடிவை வேறு மாதிரி எழுத வேண்டும். பில்லி வைல்டரின் 'சம் லைக் இட் ஹாட்' (1959) ஒன்றும் புரட்சிப் படமல்ல. கொலையைப் பார்த்துவிட்டு உயிருக்குப் பயந்து பெண்வேடமிட்டு ஓடும் இரண்டு இசைக்கலைஞர்களின் கதை. கடைசியில் ஒருவன் பொய்முடியைக் கழற்றி, தான் ஆண் என்று தன்னை மணக்கத் துடிக்கும் பணக்காரரிடம் சொல்கிறான். அவர் அசருவதாயில்லை. உண்மை வெளியே வந்தும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. மன்னிப்புக்கு அங்கே வேலையே இல்லை.

வீதிநாடகம் போடுகிறவர்களும் திரைக்கதை எழுத உட்காருகிறவர்களும் இரண்டாம் அங்கத்துச் சிரிப்புக்காக நிறைய உழைக்கிறோம். கடைசிக் காட்சியில் பண்ணையாரையோ முதலாளியையோ திருத்தி, எல்லாரையும் கைகோத்து நிற்க வைத்துவிடுகிறோம். கைதட்டு கிடைக்கும். அடுத்த தடவை அந்தக் காட்சிக்கு வரும்போது, பொய் சொன்னவனுக்குப் பதிலாகப் பொய் சொல்ல வைத்தவரை மேடை நடுவில் நிறுத்திப் பார்க்கலாம். சிரிப்பு அப்போதும் தாங்குகிறதா என்று பார்ப்போம்.