சீக்கிய இளைஞர் முன் மூன்று நூல்கள்

சமய ஒப்பீட்டுப் பாடத்தில் சீக்கிய சமயத்திற்கு நமது இறையியல் கல்லூரிகள் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. பத்துக் குருமார், ஐந்து சின்னங்கள், பொற்கோயில், இந்து சமயமும் இஸ்லாமும் கலந்த ஒரு கலவை என்னும் பழைய விளக்கம். இவற்றோடு பாடம் முடிவுறும். தேர்வுத்தாளுக்கு இவை போதும். ஒரு சீக்கிய இளைஞனோடு அமர்ந்து அரைமணி நேரம் உரையாடுவதற்கு இவை போதா.

அவ்விளைஞன் கேட்கும் வினாக்கள் வேறு. கேசத்தை வெட்டிக்கொண்டால் நான் சீக்கியன் அல்லனோ? குருமார் சாதியை மறுத்தனர் எனில், ஒரே ஊரில் இரண்டு குருத்துவாராக்கள் ஏன்? குர்முகி எழுத்தை வாசிக்க அறியாது கானடாவில் வளரும் என் தங்கைக்கு மறை எவ்வாறு மறையாகும்? 1984-இல் எம்மவர்க்கு நேர்ந்ததைப் பேசுவது தேசத் துரோகமோ? குரு நானக் மெக்காவுக்குச் சென்றார் என்று பாட்டியார் சொன்னது வரலாறோ, கதையோ? இவை மேடை வினாக்கள் அல்ல. உணவு வேளையிலும், மணப்பேச்சிலும், பள்ளிச் சேர்க்கையின்போதும் எழும் அன்றாட வினாக்கள். சீக்கிய சமயத்தைக் குறித்து எழுதப்பட்ட நூல் எதுவாயினும், இவ்வினாக்களைக் காதுகொடுத்துக் கேட்க நமக்கு உதவுகின்றதா என்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய உரைகல் என எண்ணுகிறோம். நமது நூலகங்களில் பெரும்பாலும் காணப்படும் மூன்று நூல்களை அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இதில் என்ன பொறுப்பு என்று சிலர் வினவக்கூடும். பொறுப்பு உண்டு. 1873-இல் அமிர்தசரஸ் மிஷன் பள்ளியில் பயின்ற சீக்கிய மாணவர் நால்வர் ஞானஸ்நானம் பெறும் எண்ணத்தை வெளியிட்டனர். அச்செய்தி சீக்கிய சமுதாயத்தை அதிரச் செய்தது. அவ்வாண்டிலேயே அமிர்தசரஸில் சிங் சபை தோன்றிற்று. பின்னர் 1879-இல் லாகூரில் எழுந்த சபையும், 1892-இல் நிறுவப்பட்ட கால்சா கல்லூரியும் அவ்வியக்கத்தின் கிளைகளே. ஆகவே இன்றைய சீக்கியர் தம் அடையாளத்தைக் குறித்துப் பேசும் பேச்சில், நமது மிஷனெரிமார் நடத்திய வகுப்பறையின் எதிரொலியும் கலந்துள்ளது.

முதல் நூல் எர்னஸ்ட் ட்ரம்ப் 1877-இல் வெளியிட்ட ஆதி கிரந்த மொழிபெயர்ப்பு. ட்ரம்ப் ஜெர்மானியர், சிந்துவிலும் பெஷாவரிலும் மிஷனெரிப் பணியோடு தொடர்புடையவராய் இருந்தவர், சிந்தி, பஷ்து மொழிகளுக்கு இலக்கணம் வகுத்தவர். அவருடைய மொழிப் புலமையில் ஐயமில்லை. எனினும் அவர் தம் முன்னுரையில் கிரந்தத்தை ஒத்திசைவற்றது, ஆழமற்றது, வாசிப்போர்க்குச் சலிப்பூட்டுவது என்று தீர்ப்பிட்டார். முழுநூலையும் மொழிபெயர்க்காமல் ஒரு பகுதியோடு நிறுத்திக்கொண்டார். கிரந்தத்தின் முன் அமர்ந்து அவர் புகைபிடித்தார் என்னும் செய்தி சீக்கியரிடையே இன்றும் வழங்குகின்றது. புகையிலையை விலக்கிய ஒரு சமுதாயத்திற்கு அஃது எத்தகைய காயம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ட்ரம்பின் குறை இலக்கணக் குறை அன்று. அந்நூல் பாடுவதற்கென அமைந்தது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. கிரந்தம் பொருள்வாரியாக அன்றி இராகவாரியாகத் தொகுக்கப்பட்டது. ஒரே கருத்து மீண்டும் மீண்டும் வருவது பாடலின் இயல்பு. வாதநூலின் அளவுகோலைக் கொண்டு அதனை அளந்தால் சலிப்பே மிஞ்சும். நமது சங்கீதப் புத்தகத்தை இசையும் வழிபாடும் அறியாத ஒருவர் அவ்வண்ணம் வாசித்தால் என்ன தீர்ப்பிடுவார் என்று எண்ணிப் பார்க்கலாம். 1900-இல் திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி. யூ. போப் ஐயரும் மிஷனெரியே. அவர் சைவக் கொள்கையோடு முரண்பட்ட இடங்களும் உண்டு; ஆயினும் அவர் மாணிக்கவாசகரின் கண்ணீரை மதித்தார். அதனால் தமிழர் அவரைத் தம்மவராகக் கொண்டனர். இருவர்க்குமுள்ள வேறுபாட்டைக் கல்வி விளைவிக்கவில்லை, மதிப்பே விளைவித்தது.

இரண்டாவது நூல், மாக்ஸ் ஆர்தர் மெக்காலிஃப் 1909-இல் ஆறு தொகுதிகளாக ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட சீக்கிய சமய வரலாறு. அயர்லாந்தில் பிறந்த இவர் பஞ்சாபில் நீதித்துறைப் பதவி வகித்து, 1893-இல் அதனைத் துறந்து, இப்பணிக்கே தம்மை ஒப்புவித்தார். தம் மொழிபெயர்ப்பைச் சீக்கிய ஞானியரிடம் காட்டித் திருத்தம் பெற்றார். நாபாவைச் சார்ந்த கான் சிங் போன்ற அறிஞரின் துணையை நாடினார். ட்ரம்ப் இழைத்த தீங்கிற்குப் பரிகாரம் தேடுவதை அவர் தம் கடமையாகவே கருதினார். தாம் விளக்கும் சமயத்தாரிடமே தம் எழுத்தைத் திருத்தக் கொடுக்கும் இவ்வழக்கம் நம் மாணவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டியது.

ஆயினும் மெக்காலிஃப் நூலுக்கும் குறை உண்டு. அவர் பாடல்களைக் கிரந்தத்தின் வரிசையினின்று பிரித்து, குருமாரின் வாழ்க்கைக் கதைகளுக்குள் செருகினார். ஜன்ம சாகிகள் எனப்படும் மரபுக் கதைகளை, வேண்டிய அளவு சோதிக்காமலே வரலாறாக எழுதிச் சென்றார். ஆங்கிலேயரின் வருகையைக் குருமார் முன்னுரைத்தனர் என்னும் மரபையும் போற்றிச் சேர்த்தார். ஆட்சியாளர்க்குச் சீக்கியரின் பற்றுறுதியை எடுத்துக்காட்டும் நோக்கம் அதில் வெளிப்படை. ஆகவே, பாட்டியார் சொன்னது வரலாறோ கதையோ என்று வினவும் இளைஞனுக்கு மெக்காலிஃப் அன்பான துணைவர். ஆனால் விடையளிப்பவர் அல்லர்.

அவ்வினாவை நேரே எதிர்கொண்டது மூன்றாவது நூல். 1968-இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த 'குரு நானக்கும் சீக்கிய சமயமும்' என்னும் அந்நூலின் ஆசிரியர் டபிள்யூ. எச். மெக்லியட், நியூசிலாந்து பிரெஸ்பிட்டேரியன் சபையின் சார்பில் பஞ்சாபுக்கு வந்து, பட்டாலா கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். அவர் ஜன்ம சாகிக் கதைகள் ஒவ்வொன்றையும் நிறுவப்பட்டது, பெரும்பாலும் நிகழ்ந்திருக்கக்கூடியது, நிகழ்ந்திருக்க இயலுவது, ஐயத்திற்குரியது, நிகழ இயலாதது என ஐவகையாகப் பகுத்தார். மெக்கா, பாக்தாத் பயணங்கள் அவருடைய சல்லடையில் நிற்கவில்லை. நானக்கின் வாழ்க்கையைக் குறித்து உறுதியாகச் சொல்லத்தக்கது சில பத்திகளுக்குள் அடங்கிவிட்டது. குரு நானக் பிறந்த ஐந்நூறாம் ஆண்டு விழாவிற்குச் சீக்கிய உலகு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் இந்நூல் வெளிவந்தது. எழுந்த சினம் இயல்பானதே.

இந்நூலை நம் மாணவர் வாசிக்கையில் ஒருவகைப் பழகிய ஓசை கேட்கும். ஸ்ட்ராஸ் 1835-இல் எழுதிய இயேசுவின் வாழ்க்கை வரலாறு முதற்கொண்டு நமது திருமறைக்கு நேர்ந்ததே இங்கு மற்றொரு மறைமரபிற்கு நேர்ந்தது. முதலாண்டு மாணவர் பலர் சுவிசேஷ ஆராய்ச்சி வகுப்பிலிருந்து கலங்கிய முகத்தோடு வெளியேறுவதைக் கண்டிருக்கிறோம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நம் மறையை ஆராய்ந்தவர் பெரும்பாலும் நம் சபைகளுக்குள் வளர்ந்தவர்; அவ்வாராய்ச்சியோடு போராடி விசுவாசத்தை மீண்டும் மொழிந்தவரும் நம்மவரே. சீக்கியருக்கோ அச்சல்லடை வெளியார் கையில், அதுவும் மிஷன் கல்லூரியினின்று வந்தது. 1873-ஐ மறவாத சமுதாயம் அதனைச் சூழ்ச்சியென ஐயுற்றதில் வியப்பில்லை. உண்மையில் அவ்வையம் பொருந்தாது. மெக்லியட் தம் கிறிஸ்தவ விசுவாசத்தையே இழந்துவிட்டதைப் பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் மறையாது எழுதினார்.

அவர் முறையின் நேர்மையைப் பாராட்டுகிறோம். அதன் குறை எங்குளது? நிகழ்ந்ததா, இல்லையா என்னும் ஒரே வினாவை அம்முறை கேட்டது. இக்கதையை இச்சமுதாயம் ஏன் சொல்லி வந்தது என்னும் வினாவிற்கு அந்நூலில் சிற்றிடமே கிடைத்தது. இதை அவரே உணர்ந்தார் போலும். 1980-இல் வெளியிட்ட மற்றொரு நூலில் ஜன்ம சாகிகளை, அவற்றைப் படைத்த பிற்காலச் சமுதாயத்தின் சாட்சியாக விரிவாய் ஆராய்ந்தார். முதல் நூலை மட்டும் வைத்திருக்கும் நூலகம் அவருக்கும் நீதி செய்யவில்லை. சீக்கியருக்கும் நீதி செய்யவில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். ஐந்து சின்னங்கள் 1699-இல் ஒரே நாளில் நிலைபெறவில்லை, 18-ஆம் நூற்றாண்டின் போர்க்காலத்தில் படிப்படியாக உருப்பெற்றன என்னும் கருத்தை மெக்லியட் 1976-இல் முன்வைத்தார். அறிஞர்க்கு இது காலவரையறை பற்றிய விவாதம். பள்ளி வாயிலில் நிற்கும் சிறுவனுக்கோ அவ்வாறன்று. பர்மிங்காமில் தலைப்பாகையையும் கேசத்தையும் விட மறுத்த ஒரு மாணவனுக்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. 1983-இல் பிரபுக்கள் சபை அவன் சார்பாகத் தீர்ப்பளித்தபோது, நெடுங்காலம் பகிர்ந்துகொண்ட வரலாறும் தனக்கேயுரிய பண்பாட்டு மரபும் சீக்கியருக்கு உண்டு என்பதே அடிப்படையாயிற்று. 2004-இல் பிரான்சு அரசுப் பள்ளிகளில் சமய அடையாளங்களைத் தடைசெய்தபோது சீக்கிய மாணவர் பள்ளியினின்று விலக்கப்பட்டனர். 2009-இல் பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றமோ, கேசத்தை வெட்டாமை சீக்கிய சமயத்தின் இன்றியமையாக் கூறு என்று தீர்ப்பளித்தது. புருவ மயிரைச் சீர்செய்துகொண்ட மாணவிக்குச் சீக்கியர் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி இடம் கிடைக்கவில்லை. ஒருபுறம் கேசத்தை வைத்திருப்பதால் இடமில்லை. மறுபுறம் அதனை நீக்கியதால் இடமில்லை. வரலாற்று ஆசிரியனின் ஒரு வாக்கியம் இத்தகைய வாயில்களில் போய் நிற்கின்றது என்பதை அவன் மறத்தலாகாது.

சான்று காட்டுக என்று கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1984 ஜூன் மாதம் பொற்கோயில் வளாகத்தில் இராணுவ நடவடிக்கை நிகழ்ந்தபோது, அங்கிருந்த சீக்கிய ஆய்வு நூலகம் அழிந்தது. அரிய சுவடிகளுள் எவை எரிந்தன, எவை எடுத்துச் செல்லப்பட்டன என்னும் வழக்கு நெடுங்காலம் தொடர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் டில்லியில் மட்டும் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே கூறுகின்றது. 2005-இல் பிரதமர் மன்மோகன் சிங் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். சுவடியும் தந்தையும் ஒரே ஆண்டில் அழியக் கண்ட தலைமுறையின் பிள்ளையிடம், உன் மரபிற்கு ஆவணம் எங்கே என்று கேட்குமுன் நாம் சற்றே தாழ்ந்து பேச வேண்டும்.

இவ்வாறு சொல்வதால் ஆராய்ச்சியைத் தடுக்க வேண்டும் என்பது நமது கருத்தன்று. மெக்லியட்டின் மாணவராகிய பஷவுரா சிங், கிரந்தத்தின் பாடவரலாற்றை ஆராய்ந்ததற்காக 1994-இல் அகால் தக்த் முன் நின்று தண்டனை ஏற்க நேர்ந்தது. நாம் இதனைக் கண்டு பெருமைகொள்ள இடமில்லை. 1881-இல் ராபர்ட்சன் ஸ்மித்தைப் பேராசிரியர் பதவியினின்று நீக்கியது நமது சீர்திருத்த சபையின் ஒரு கிளையே. மறையைக் காக்க அறிஞனைத் தண்டிப்போர், தம் இளைஞர் வினாவுவதை நிறுத்தவில்லை. வேறிடத்தில் வினாவச் செய்கின்றனர்.

சாதி பற்றிய வினாவிற்கு இம்மூன்று நூல்களும் போதிய விடை தரவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களுள் இதுவே மிகுந்த விகிதம். ரவிதாசரின் பாடல்களைக் கிரந்தத்தில் வைத்து வணங்கும் சமுதாயத்தில், அவர் குலத்தார்க்குத் தனிக் குருத்துவாராவும் தனிச் சுடுகாடும் அமைந்த ஊர்கள் பல. இதை எழுதும் நம் பேனா தயங்குகின்றது. ஒரே பாத்திரத்தில் பந்தி உண்ணும் நமது சபைகளிலும் கல்லறைத் தோட்டத்தை நடுச்சுவர் பிரித்து நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இவ்வினாவில் நாம் சீக்கிய இளைஞனுக்கு ஆசிரியர் அல்லோம். அவனோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் உடன்மாணவர்.

ஆகவே நமது பரிந்துரை இது. ட்ரம்பை எச்சரிக்கையாகவும், மெக்காலிஃபைத் துணையாகவும் வாசிக்க. அவ்விருவருக்கும் பின்னரே மெக்லியட்டை, அவருடைய பிற்கால நூலோடு சேர்த்து வாசிக்க. எல்லாவற்றிற்கும் முன்னர் ஒரு குருத்துவாராவுக்குச் சென்று, தலையை மூடி, தரையில் அமர்ந்து, பாடலைக் கேட்டு, லங்கரில் உண்டு வருக. குரு அர்ஜன் 1604-இல் தொகுத்த நூலில் கபீர், நாமதேவர், பரீத் ஆகிய பிற சமய, பிற மாநிலப் பக்தரின் குரல்களும் ஒலிக்கின்றன என்பதை அங்கு கேட்டவன், கலவைச் சமயம் என்னும் சொல்லைத் தேர்வுத்தாளில் எழுதக் கூசுவான்.

தமிழ்க் கிறிஸ்தவர்க்குச் சீக்கியர் என்றவுடன் சாது சுந்தர் சிங் நினைவுக்கு வருகிறார். அவர் கேசத்தை வெட்டியதை நமது பிரசங்கங்களில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அவ்வீட்டிற்கு அஃது என்னவாயிருந்தது என்று நின்று வினவுவதில்லை. தம்மைச் சாதுவாக்கியவர் தம் தாயாரே என்று அவர் நன்றியோடு கூறி வந்தாரே. அத்தாயாரின் பக்தியையும் நாம் பிரசங்கித்ததில்லை. பிறனைக் குறித்துப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளை, அவன் சமயத்தைக் குறித்துக் கூறும் சாட்சிக்கும் பொருந்தும். பாதி உண்மையும் அக்கட்டளைக்குத் தப்பாது.

1873-இன் மாணவர் நால்வரை நம்மவர் ஆதாயமாக எண்ணினர். அவர்தம் சமுதாயத்தார் இழப்பாக எண்ணினர். அவர்கள் வகுப்பறையில் என்ன வினவினர் என்பதை நாம் கற்ற வரலாறுகள் கூறவில்லை. இன்று வினவுவோரின் வினாவையாவது நாம் கேட்டு எழுதி வைப்போமாக.