மாக்கோழியும் தாய் சொல்லும்: யசோதர காவியம் பற்றி ஒரு சிந்தனை

பக்தி என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு கடமைகள் இருக்கின்றன. ஒன்று தெய்வத்துக்கு, மற்றொன்று பெற்றவர்களுக்கு. பழைய ரோமானியர் இரண்டையும் 'பியெத்தாஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். ட்ராய் நகரம் எரியும்போது முதிய தகப்பனைத் தோளில் சுமந்து, குலதெய்வங்களை அவர் கையில் கொடுத்து வெளியேறும் ஏனியாஸ்தான் வர்ஜிலின் காவியத்தில் அதற்கு இலக்கணம். அவனுக்கு இரண்டு கடமையும் ஒரே பயணத்தில் தீர்ந்துபோயின. ஆனால் தாய் சொல் ஒரு பக்கமும் தர்மம் மறுபக்கமும் இழுத்தால் மகன் என்ன செய்வான்? தமிழில் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட நூல், ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம்.

கதை தமிழுக்கு மட்டும் உரியது அல்ல. 959-இல் சோமதேவ சூரி சமஸ்கிருதத்தில் 'யசஸ்திலகம்' செய்தார். 1209-இல் ஜன்னன் கன்னடத்தில் பாடினார். நம் காலத்தில் கிரீஷ் கர்னாட் இதையே நாடகமாக்கினார். கதைச் சுருக்கம் இது: உஞ்சயினி அரசன் யசோதரன், தன் மனைவி அமிர்தமதி யானைப்பாகனின் பாட்டில் மயங்கி அவனிடம் போவதைக் கண்டுவிடுகிறான். தாய் சந்திரமதி முகவாட்டத்தைக் கேட்கும்போது உண்மையைச் சொல்லாமல், கெட்ட கனாக் கண்டதாகச் சொல்கிறான். தாய் பயந்துபோய் தேவிக்குப் பலி கொடுக்கச் சொல்கிறாள். உயிர்க்கொலை கூடாது என்று மகன் மறுக்கிறான். அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து வெட்டு என்கிறாள். தாய் சொல்லைத் தட்ட முடியாமல் வெட்டுகிறான். மாக்கோழி உயிர்க்கோழி போலவே கத்தி விழுகிறது. பிறகு மனைவி வைத்த விஷத்தால் தாயும் மகனும் இறந்து, மயிலாக, நாயாக, பாம்பாக, ஆடாக, கோழியாக என்று பல பிறவி எடுத்து உழல்கிறார்கள்.

உரைகாரர்களும் மேடைப் பேச்சாளர்களும் இதற்கு வழக்கமாகச் சொல்லும் கருத்து, 'நினைப்பால் செய்த கொலையும் கொலையே' என்பது. தவறில்லை. திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை என்று ஜைன ஆகமம் பிரித்துச் சொல்வதும் இதைத்தான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் காவியத்தில் பாதியை விட்டுவிட்டோம் என்பது என் கருத்து. அந்த மாக்கோழி எங்கிருந்து வந்தது? தாயின் பயத்திலிருந்து. பயம் எங்கிருந்து வந்தது? மகன் சொன்ன பொய்க் கனாவிலிருந்து. வீட்டுக்குள் பேச வேண்டியதைப் பேசாமல், அதைத் தெய்வத்தின் தலையில் கொண்டுபோய் வைத்தார்கள். கத்தி மாவில் விழுவதற்கு முன்பே உண்மை வெட்டுப்பட்டுவிட்டது.

பின்பகுதியில் கவிஞர் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறார். தந்தை நற்கதி அடைய வேண்டும் என்று மகன் யசோமதி பக்தியோடு விருந்து செய்விக்கிறான். மறுபிறவி எடுத்திருக்கும் அந்தத் தந்தையே அதில் உணவாகிறான். யாருக்காகச் செய்கிறோமோ அவரையே அறியாத பக்திக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் தமிழில் உண்டா என்று தெரியவில்லை.

நம் ஊருக்கு இது அந்நியமான விஷயமா? கேரளத்தில் கோயில்களில் மிருகபலியைத் தடுக்கும் சட்டம் 1968-இல் வந்தது. தமிழ்நாட்டில் 1950-இலேயே வந்த சட்டம் 2004-இல் நீக்கப்பட்டது. சோற்றானிக்கரையில் குருதிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாலைக் கடைத்தெருவில் எங்கள் கடையில் ஆயுத பூஜை அன்று பையன்கள் பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைப்பார்கள். "முதலாளி, நீங்க ஜைனராச்சே, உங்க சாஸ்திரத்துல இது மாக்கோழி இல்லையா?"ன்னு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. பூசணி உடைக்கிறவன் மனசில் ஒரு உயிரைக் கொல்கிற எண்ணமே இல்லை. திருஷ்டி கழியணும், அவ்வளவுதான். யசோதரன் 'கோழிக்குப் பதிலாக' என்று தெரிந்தே வெட்டினான். பொருள் எதுவானாலும், கணக்குப் பார்க்க வேண்டியது சங்கல்பத்தை. ரத்தத்தை விட்டு மஞ்சள்நீருக்கு வந்த சமூகம் ஒரு படி ஏறியிருக்கிறது என்றே நான் சொல்வேன்.

காவியத்தில் குறையும் உண்டு. அமிர்தமதியின் மனசு என்ன என்று கவிஞர் நின்று கேட்கவே இல்லை. இசையில் மயங்கினாள், கெட்டாள் என்று முடித்துவிடுகிறார். பல பிறவி துன்பப்பட்ட தாய்க்கும் பேச இடம் தரவில்லை. இந்த இடத்தில் கர்னாட் கொஞ்சம் நியாயம் செய்தார். அவர் நாடகத்தில் அரசி ஜைனப் பெண், மாமியார் பலியில் நம்பிக்கை உள்ளவள். ஒரே வீட்டில் இரண்டு நம்பிக்கை இருந்தால் என்ன ஆகும் என்பது அங்கே கண்கூடாகத் தெரிகிறது. வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது புரியும். ஊரிலிருந்து அம்மா போனில் ஒரு நேர்த்திக்கடனைச் சொல்வார். இங்கே பிறந்து வளர்ந்த பேரனுக்கு அது விளங்காது. நடுவில் மகன் இரண்டு பக்கமும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டல்தான் நம் காலத்து மாக்கோழி.

தாயை மறுப்பது பக்திக்குறைவா? காவியம் அப்படிச் சொல்லவில்லை. உயிர்ப்பலியை யசோதரன் மறுத்தபோது அவன் தாய்பக்தி குறைந்துவிடவில்லை. உண்மையைச் சொல்லி, மரியாதையோடு மறுத்து, பயந்த தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் கோழியும் செத்திருக்காது, மாவும் கெட்டிருக்காது.

1956 வரை நம் திருவிதாங்கூரோடு இருந்த சிதறால் மலையில், 9-ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. குணந்தாங்கி குறத்திகள் என்னும் பெண் துறவி, திருச்சாரணத்து மலைப் பட்டாரியாருக்குப் பொன் அணிகலன் கொடுத்ததை அது சொல்கிறது. பயமும் பேரமும் இல்லாமல் கொடுத்த கொடை அது. பின்னாளில் அந்த இடம் பகவதி கோயிலாகவும் ஆனது. இரண்டு சமயத்தாரும் அந்தப் பாறையின் கீழ் கைகூப்பியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பூஜையோ விரதமோ முடிந்தபின் அங்கிருப்பவர்களுக்குப் பயம் குறைந்ததா, ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். பக்தியை நிறுக்க என் போன்ற வியாபாரிக்குத் தெரிந்த தராசு அது ஒன்றுதான்.