கூந்தலுக்கு ஏது வாஷ்கேர் லேபிள்?

திருப்பூரில் தைக்கப்பட்ட பனியன் ஒன்றை எடுத்து, பக்கத் தையலை ஒட்டி உட்புறம் தொங்கும் சிறு நாடாவைப் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் அதனை ‘வாஷ்கேர் லேபிள்’ என்பார்கள். அதில் இஸ்திரிப் பெட்டியின் படம் ஒன்றும், படத்திற்குள் ஒன்று முதல் மூன்று வரை புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி இருந்தால் பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 110 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக இருத்தலாகாது. இரண்டு புள்ளிகளுக்கு 150 டிகிரி. மூன்று புள்ளிகளுக்கு 200 டிகிரி. பருத்தி மூன்று புள்ளி வரை தாங்கும். கம்பளிக்கு இரண்டு புள்ளிகளே எல்லை. அதுவும் ஈரத்துணியை இடையில் விரித்துத்தான் தேய்ப்பது வழக்கம்.

இனி, தலைமுடியைச் சுருளாக்கும் ‘கர்லர்’ என்னும் மின்கருவியின் அட்டைப் பெட்டியைப் பாருங்கள். ‘200 டிகிரி’, ‘230 டிகிரி’ என்ற எண்கள் அதில் கொட்டை எழுத்தில், ஒரு பெருமையாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். கம்பளி என்பது ஆட்டின் முடி. ஆட்டு முடியும் நம் தலைமுடியும் கெரட்டின் என்னும் ஒரே புரத வகையால் ஆனவை. அப்படியிருக்க, ஆட்டின் முடிக்கு 150 டிகிரியில் எச்சரிக்கை. மனிதரின் முடிக்கு 230 டிகிரியில் விளம்பரமா? இந்த முரண்பாடே இக்கட்டுரைக்குக் காரணம். வீட்டிலேயே தளர்ந்த, வழவழப்பான சுருள்களை அமைப்பது பற்றி விளம்பரங்களும் அழகுக் குறிப்புகளும் கூறும் மூன்று கூற்றுகளை எடுத்து உரைத்துப் பார்ப்போமா?

முடி ஏன் வளைகிறது?

முதலில் முடியின் அமைப்பை அறிந்து கொள்வோம். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அதன் வெளிப்புறம் ஓட்டு வீட்டின் கூரை போன்றது. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. செதில்கள் படிந்து கிடந்தால் ஒளி சீராகத் திரும்பி முடி பளபளக்கும். தூக்கிக்கொண்டாலோ உடைந்தாலோ முடி சொரசொரக்கும். உட்புறத்தில் கெரட்டின் இழைகள் கயிறு போல் முறுக்குண்டு கிடக்கின்றன.

இந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பவற்றுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்பு. எண்ணிக்கையில் மிகுதி, வலிமையில் குறைவு. நீர் பட்டால் விடும், உலர்ந்தால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, கந்தக அணுக்கள் இரண்டு கைகோர்ப்பதால் உண்டாகும் பிணைப்பு. இது வலிமை வாய்ந்தது. வெறும் நீரால் விடாது. தையற்கூடத்து மொழியில் சொன்னால், முன்னது துணியைக் குண்டூசி குத்தி நிறுத்தி வைப்பது. பின்னது தைத்து முடித்த தையல்.

ஈர முடியை உருளை ஒன்றில் சுற்றினால், விட்டுப்போன ஹைட்ரஜன் பிணைப்புகள் உலரும்போது புதிய வளைவிலேயே மீண்டும் அமைகின்றன. சுருள் கிடைத்துவிட்டது! கசங்கிய பருத்திச் சட்டையில் நீர் தெளித்துத் தேய்க்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஈரக்காற்றுப் பட்டால் சுருள் தளர்வதற்கும் இதுவே காரணம். காற்றின் ஈரத்திற்கேற்ப முடியின் நீளம் மாறுவதைக் கொண்டுதான் 1783இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சொசூர் தம் ஈரமானியை விளக்கினார்.

சூடான இடுக்கியால் அலை அமைக்கும் முறையைப் பாரிசில் மார்செல் கிராத்தோ 1872இல் பரப்பினார். முடியைத் தொடுமுன் இடுக்கியைக் காகிதத்தில் வைத்து, கருகுகிறதா என்று பார்ப்பது அக்கால முடிதிருத்துநர்களின் வழக்கம். வெப்பநிலை காட்டும் கருவி இல்லாத காலத்திலும் எல்லை ஒன்று தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கந்தகப் பிணைப்பையே வேதிப்பொருளால் பிரித்து மீண்டும் இணைக்கும் ‘பெர்மிங்’ முறை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அதில் பயன்படும் தயோகிளைக்காலேட் வகைப் பொருள்தான் முடி நீக்கும் களிம்புகளிலும் இருக்கிறது என்பதை நினைவிற்கொண்டால், அதை வீட்டில் கைபோன போக்கில் பூசிப் பார்க்க எவரும் துணியமாட்டார்கள்.

முதற்கூற்று: ‘சூடு கூடினால் சுருள் நிற்கும்’

இது பாதி உண்மை. வெப்பம் முடியை இளகச் செய்கிறது. வளைந்த நிலையில் ஆறும்போது சுருள் உறுதிப்படுகிறது. ஆனால் இளகுவதற்கும் குலைவதற்கும் இடையே எல்லை உண்டு. உலர்ந்த முடியிலுள்ள கெரட்டினின் அமைப்பு 230 டிகிரியை ஒட்டிக் குலைகிறது. நீரில் ஊறிய முடியிலோ 150 டிகிரியை ஒட்டியே குலைந்துவிடுகிறது. ஆகவே 230 டிகிரி என்பது தரத்தின் உச்சம் அன்று; அழிவின் வாசற்படி.

ஈர முடியில் சூட்டுக்கோலை வைப்பது இன்னும் கேடானது. முடிக்குள் சிக்கிய நீர் திடீரென நீராவியாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழ்களை உண்டாக்குகிறது. ‘குமிழி முடி’ என்னும் இந்நிலையை மருத்துவர்கள் 1986இல் விவரித்தார்கள். 125 டிகிரி சூடுள்ள இடுக்கியை ஒரு நிமிடம் பிடித்தாலே ஈர முடியில் குமிழி தோன்றக்கூடும் என்பது பின்வந்த சோதனைகளில் தெரியவந்தது. குமிழியுள்ள இடத்தில் முடி எளிதில் ஒடியும்.

‘வெப்பத்திலிருந்து காக்கும் தெளிப்பான் பூசினால் போதுமே’ என்பீர்கள். அத்தகைய படலம் முடிக்குச் சூடு செல்லும் வேகத்தை ஓரளவு தணிக்கும், தடுத்து நிறுத்தாது. கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு கொதிக்கும் பாத்திரத்தை இறக்கலாம். அதைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருக்க முடியுமா?

இரண்டாம் கூற்று: ‘சூடு இல்லையேல் சேதமே இல்லை’

இது கேட்க இனிமையானது. அதனாலேயே கூடுதலாக ஆராயத்தக்கது. நீரில் ஊறிய முடி பருக்கிறது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 15 சதவீதம் கூடுகிறது. செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. இந்நிலையில் முடி எளிதாக நீளும். எல்லை மீறி இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, அறுந்தும் போகும். சொட்டச் சொட்ட நனைந்த முடியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு உறங்கச் சொல்லும் குறிப்புகள் இதைக் கருதுவதில்லை. நெற்றியோரத்தில் நாள்தோறும் இறுக்கி இழுத்துக் கட்டினால் வேர்ப்பைகளே பாதிக்கப்பட்டு, அவ்விடத்தில் முடி நிலையாக உதிர்ந்துவிடவும் கூடும்.

தென்கொரிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே கருதத்தக்கது. ஹேர் டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தினால் முடியை அடையும் வெப்பம் ஏறத்தாழ 47 டிகிரிதான். 5 சென்டிமீட்டருக்கு நெருக்கிப் பிடித்தபோது அது 95 டிகிரியானது. செதில்கள் மிகுதியாகச் சேதமுற்றன. வியப்பு என்னவெனில், தானாக உலரவிட்டு நெடுநேரம் ஈரமாகவே கிடந்த முடியில், செல்களை ஒட்டவைக்கும் உட்படலம் பாதிப்படைந்திருந்தது. ஆக, சூடு மட்டும் பகையன்று. நெடுநேர ஈரமும் பகையே. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியே நல்வழி.

மூன்றாம் கூற்று: ‘முடிக்கு ஊட்டம் தருகிறது’

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிருள்ள செல் இல்லை. உயிரில்லாததற்கு உணவு ஏது? பூச்சுப் பொருள்களால் உராய்வைக் குறைக்கலாம், செதில்களைப் படியவைக்கலாம், நீர் உட்புகுவதைத் தணிக்கலாம். அது பாதுகாப்பு, ஊட்டம் அன்று.

தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, நனைத்துச் சீவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அவ்வாற்றல் இல்லை என்றும் 2003இல் ஓர் இந்திய ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். எனினும் இரண்டு குறிப்புகள் உண்டு. அதைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் வாசிப்பவர் அதை அறிந்திருத்தல் வேண்டும். அடுத்து, அந்த ஆய்வு தலைக்குக் குளிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெய் பூசுவதைப் பற்றியது. எண்ணெய் தடவிய முடியை 200 டிகிரிக் கருவியில் வைக்கலாம் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது முறையன்று.

ராயபுரத்துத் துணித்துண்டே போதும்

அப்படியானால் செய்யத்தக்கது யாது? விடை திருப்பூர் ராயபுரத்துத் தெருக்களில் மூட்டை மூட்டையாகக் கட்டப்படும் பொருளிலேயே இருக்கிறது. பனியன் வெட்டும்போது மிஞ்சும் ‘கட்டிங் வேஸ்ட்’ துணிதான் அது. சிங்கிள் ஜெர்சி என்னும் பனியன் துணியை அகலவாட்டில் நீண்ட பட்டையாக வெட்டி இழுத்துப் பாருங்கள். ஓரங்கள் தாமே சுருண்டு மெத்தென்ற கயிறாகிவிடும். துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் பின்னல் கண்ணிகளின் அமைப்பு ஒன்றாக இல்லாததால், வளைத்து வைக்கப்பட்ட நூல் நிமிர முயல்கிறது. அதனால் ஓரம் சுருள்கிறது. கூரிய விளிம்பு இல்லாத அந்தக் கயிற்றில் சுற்றிய முடியில் மடிப்பு விழாது.

துணி பருத்தியாக இருக்கட்டும். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. முடியிலுள்ள ஈரத்தைப் பருத்தி உறிஞ்சி விரைவில் உலர உதவும். சாயம் போகக்கூடிய துணி வேண்டா. துவைத்த வெள்ளைத் துண்டே நன்று.

தலைக்கு அரப்போ மென்மையான ஷாம்பூவோ தேய்த்துக் குளியுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்புத் தேய்த்தால், கால்சியமும் சோப்பும் கூடிய கரையாத பிசுக்கு முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். ஆதலால் கடைசியாக அலசுவதற்காவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டால் முறுக்காமல் ஒற்றி எடுத்து, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். முடி முக்கால் பங்குக்கு மேல் உலரும்வரை பொறுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அழுத்தினால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது.

பிறகு முடியை எட்டு அல்லது பத்துப் பிரிவாக்குங்கள். துணிப்பட்டையைப் பல மடிப்பாக்கி 2 முதல் 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள உருளையாக்கிக் கொள்ளுங்கள். உருளை பருத்தால் சுருள் தளர்ச்சியாகும், மெலிந்தால் நெருக்கமாகும். நுனி மடங்காமல் படியவைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, துணியின் இரு முனைகளையும் தளர்வாக முடிச்சிடுங்கள். தலைத்தோலில் இழுப்புத் தெரிந்தால் அவிழ்த்து மீண்டும் சுற்றுங்கள். முழுதும் உலர்ந்தபின் விரல்களால் பிரித்துவிடுங்கள், சீப்பு வேண்டா.

முழுதும் உலர வேண்டும் என்பதை நீங்களே சோதித்தறியலாம். சீப்பில் சிக்கிய நீண்ட முடிகளை இரண்டு சிறு கற்றைகளாக்கி நனைத்து, இரண்டு பென்சில்களில் சுற்றிக் கட்டுங்கள். ஒன்றைப் பாதி ஈரத்திலும் மற்றொன்றை மறுநாளும் அவிழ்த்துப் பாருங்கள். முன்னது தளர்ந்துவிடும், பின்னது சுருண்டு நிற்கும். பின்னதன் மேல் ஈர விரலால் தடவுங்கள். அதுவும் நிமிரத் தொடங்கும். ஹைட்ரஜன் பிணைப்பைக் கண்ணால் காண இதைவிட எளிய சோதனை ஏது?

அவசரத்திற்குச் சூட்டுக் கருவிதான் வேண்டும் என்பாரும் உண்டு. அவர்கள் முடியை முற்றிலும் உலர்த்தியபின், கம்பளிக்குரிய 150 டிகிரியைத் தாண்டாமல், ஓரிடத்தில் சில வினாடிகளே வைத்து எடுத்து, சுருள் ஆறும்வரை உள்ளங்கையில் ஏந்தியிருக்கலாம். வெப்பநிலையைக் குறிக்காத, கட்டுப்படுத்த வழியில்லாத மலிவுக் கருவியை வாங்காதிருப்பதே நலம். இன்னொன்று: தையல் இயந்திரம், பின்னல் இயந்திரம் அருகே வேலை செய்வோர், சுருளாயினும் நேராயினும், முடியைக் கட்டி மறைத்துக்கொண்டே வேலையில் அமர வேண்டும்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடைவரை நீண்ட, 60 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு ஐந்து வயது. பத்தாம் வகுப்பு மாணவியின் முடிநுனி, அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது முளைத்தது! இடையில் பட்ட சூடு, ஈரம், இழுப்பு அனைத்தும் அதில் சேர்ந்திருக்கின்றன. உயிரில்லாத முடி தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளாது.

மின்கருவிகளுக்கான பாதுகாப்பு விதிகள் மனிதரை மின்னதிர்ச்சியிலிருந்தும் தீயிலிருந்தும் காக்கவே எழுதப்பட்டவை. முடியைக் காக்க அல்ல. குறைந்த விலைப் பனியனுக்கும் ‘இதற்கு மேல் சூடு வேண்டா’ என்று சொல்ல ஒரு நாடா உண்டு. கூந்தலுக்கு அதைத் தைத்துத் தருவார் இல்லை. எனவே கடையில் கருவியை எடுத்துக் காட்டும்போது, ‘எவ்வளவு சூடாகும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எவ்வளவுக்கு மேல் சூடாகாது?’ என்று கேளுங்கள்.