மிச்சமிருக்கும் பன்னிரண்டு நிமிடம்

திண்டுக்கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் சதுரங்கப் போட்டி என்றால், காலை எட்டரைக்கெல்லாம் பள்ளி வாசலில் நிற்க இடமிருக்காது. பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம், வத்தலக்குண்டு என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த குடும்பங்கள், சுவரில் ஒட்டிய பேரிங் தாளில் தங்கள் பிள்ளையின் பெயரையும் போர்டு நம்பரையும் தேடிக்கொண்டிருக்கும். எட்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பாதிப் பேருக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. நடுவர் சொன்னதும் கை குலுக்குவார்கள், கடிகாரத்தைத் தட்டுவார்கள். ஐந்து நிமிடத்தில் முதல் பிள்ளை வாசலுக்கு ஓடி வந்துவிடும். சில முகங்களில் சிரிப்பு, சில முகங்களில் கண்ணீர்.

அந்த நேரத்தில் காலியான மேசைகளுக்கு நடுவே நடந்து, நிறுத்திவைத்த கடிகாரங்களைப் பார்ப்பது என் வழக்கம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்த ஆட்டத்தில், இரு பக்கமும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படியே இருக்கும். தோற்ற பிள்ளையின் பக்கத்திலும் பன்னிரண்டு நிமிடம் இருப்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. யோசிக்கக் கிடைத்த நேரத்தைத் தொடாமலே அந்தப் பிள்ளை எழுந்து போயிருக்கிறது.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒரே கதைதான். வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். அடுத்து ராணி எச்5க்கு வரும். பிஷப் சி4க்கு வரும். இரண்டும் சேர்ந்து எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கும். அந்தக் கட்டத்தை ஆரம்பத்தில் காப்பது கறுப்பு ராஜா ஒருவர்தான். கறுப்புக்காரர் எஃப்7ஐக் கவனிக்காமல் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்து ராணியைத் தாக்கினால், நான்காவது நகர்த்தலில் மேட். ‘ஸ்காலர்ஸ் மேட்’ என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த தந்திரம். இதை மட்டும் கற்றுக்கொண்டு வரும் பிள்ளை முதல் இரண்டு சுற்றை வென்றுவிடும். மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ, பதற்றப்படாமல் ஜி6 என்று சிப்பாயைத் தள்ளத் தெரிந்த ஒரு பிள்ளை எதிரே உட்காரும். ராணி பின்வாங்கும், குதிரை வெளியே வந்து அதை மறுபடி விரட்டும். வெள்ளையின் மற்ற காய்கள் எல்லாம் வீட்டிலேயே தூங்கும். காலையில் சிரித்த முகம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாடுவது இப்படித்தான்.

பயிற்சியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். போட்டியின் அமைப்பே அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஒரே நாளில் ஆறு சுற்று, மாலை ஐந்து மணிக்குப் பரிசளிப்பு, ஊர் திரும்பும் பஸ். அந்தக் கணக்குக்கு வேகமான ஆட்டம்தான் ஒத்துவரும்.

புள்ளிப் பட்டியலையும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தப் போட்டிகள் ஸ்விஸ் முறையில் நடப்பவை. வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் மோதுவார்கள். யாரும் வெளியேற்றப்படுவதில்லை. குழந்தைகளுக்கு இதைவிடக் கருணையான முறை கிடையாது. நூறு பிள்ளைகள் ஆடினால், டிராவைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் முழுப் புள்ளிக்காரர்கள் பாதியாகக் குறைவார்கள். ஆறு சுற்று முடிவில் ஒருவரோ இருவரோ ஆறு புள்ளியோடு நிற்பார்கள். ஐந்து புள்ளியில் மட்டும் எட்டுப் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களில் யார் மூன்றாவது, யார் பதினொன்றாவது என்பதை டை பிரேக் தீர்மானிக்கும். எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டும் புக்ஹோல்ஸ் கணக்கு அதில் முக்கியமானது.

சிக்கல் இங்கேதான். ரேட்டிங் இல்லாத பிள்ளைகளை மென்பொருள் வழக்கமாகப் பெயரின் அகரவரிசைப்படிதான் அடுக்கும். நூறு பேரில் முதல் பெயர் ஐம்பத்தோராவது பெயரோடு முதல் சுற்றில் மோதும். மாவட்டத்தின் இரண்டு சிறந்த பிள்ளைகள் முதல் சுற்றிலேயே சந்திக்க நேர்ந்தால், அதற்குக் காரணம் அப்பா அம்மா வைத்த பெயர். அதில் தோற்ற பிள்ளை மீதி ஐந்தையும் வென்றாலும், கீழ் மேசைகளிலிருந்து ஏறி வருவதால் சந்திக்கும் எதிராளிகளின் புள்ளி குறைவாக இருக்கும், புக்ஹோல்ஸும் குறையும். கடைசிச் சுற்றில் மட்டும் தோற்ற பிள்ளை அதே ஐந்து புள்ளியோடு மேலே நிற்கும். கோப்பை இல்லாமல் வீட்டுக்குப் போகும் அந்தப் பிள்ளையிடம் “ஏன் கோட்டை விட்டே?” என்று கேட்கும் தகப்பனுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

வேகத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உடனே ஆனந்தைக் காட்டுவார்கள். நியாயமான வாதம்தான். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் மின்னல் வேகத்தில் ஆடியவர். 1983இல் தேசிய சப்-ஜூனியர் பட்டத்தை ஒன்பதுக்கு ஒன்பது எடுத்து வென்றபோது அவருக்கு வயது 14. ஆனால் அந்த வேகம் எங்கே விளைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்றவர், சென்னை சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் சதுரங்க மன்றத்தில் தன்னைவிடப் பெரியவர்களோடு மணிக்கணக்காக ஆடியவர். அவர் பார்த்ததை மற்றவர்கள் பார்க்க நேரமானது, அவ்வளவுதான். பார்க்காமலே காயை நகர்த்தும் எட்டு வயதுப் பிள்ளையின் வேகத்தை அதோடு சேர்த்து எண்ணக் கூடாது.

வேகத்தின் விலை இறுதிக்கட்டத்தில்தான் முழுதாகத் தெரியும். ஒரு பிள்ளையிடம் ராணியும் ராஜாவும் இருக்கும், எதிரே தனி ராஜா. விரட்டி விரட்டி அதை ஏ8 மூலைக்குத் தள்ளிவிடும். பிறகு ஆர்வத்தில் ராணியை பி6இல் கொண்டுவந்து வைக்கும். செக் இல்லை, ஆனால் எதிரி ராஜாவுக்குப் போக ஒரு கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட். அரைப் புள்ளி போச்சு. மூலையில் நிற்கும் ராஜாவிடமிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை நிறுத்தக் கூடாது, அந்த நேரத்தில் தன் ராஜாவைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு வர வேண்டும். அரை மணி நேரத்தில் சொல்லித்தரக்கூடிய பாடம். ஆனாலும் ஒவ்வொரு போட்டியிலும் இந்த அரைப் புள்ளிகள் சிந்துகின்றன. ஏனென்றால் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டம் வரை போவதே இல்லை.

இதை எழுதும்போது 2024 டிசம்பர் 12 மனதில் ஓடுகிறது. சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம். ஆளுக்கு 6.5 புள்ளி. குகேஷுக்குக் கறுப்புக் காய், எதிரே நடப்புச் சாம்பியன் டிங் லிரென். பலகையில் ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப், குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். கணினி டிரா என்றது, வர்ணனையாளர்களும் அப்படியே சொன்னார்கள். பதினெட்டு வயதுப் பையன் எழுந்துபோகவில்லை. நகர்த்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டன. குகேஷ் தன் பிஷப்பை டி5இல் வைத்தார். மூலையில் ஏ8இல் மாட்டியிருந்த வெள்ளை பிஷப்புக்கு வெட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். வெள்ளை ராஜா இ3க்கு வந்தது. கறுப்பு ராஜா இ5இல் போய் நேர் எதிரே நின்றது. நடுவில் ஒரே ஒரு கட்டம், நகர வேண்டியது வெள்ளை. டிங் கை கொடுத்தார். 7.5-6.5.

அந்தக் கடைசி நிலைக்குப் பெயர் ‘ஆப்போசிஷன்’. இரண்டு ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும்போது நகர வேண்டியவர் வழிவிட்டாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மூன்று காய்களை வைத்துக் கற்பிக்கும் பாடம் அது. உலகப் பட்டம் கடைசியில் அந்தக் கட்டத்தில் வந்து முடிந்தது. நம் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தில் ஒரு முறையாவது போட்டிப் பலகையில் அந்த நிலை கிடைக்கிறது?

குகேஷும் இப்படிப்பட்ட வயதுப் பிரிவுகளில் ஏறி வந்தவர்தான். 2015இல் ஆசியப் பள்ளிகள் போட்டியில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பட்டம், 2018இல் உலக அளவில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பட்டம். 2019 ஜனவரியில் பன்னிரண்டரை வயதில் கிராண்ட்மாஸ்டர். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல ஆண்டுகள் அவரைக் கணினியின் பக்கம் விடவில்லை. நிலையைத் தானே உட்கார்ந்து கணக்கிட வைத்தார்.

நம் பிள்ளைகளுக்கு அந்த நீண்ட ஆட்டம் கிடைக்க மதுரைக்கோ கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கிறது. மதுரை அறுபது கிலோமீட்டர் சொச்சம், சமாளிக்கலாம். சென்னை என்றால் நாலைந்து நாள் தங்கல், அறை வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், அம்மா அப்பாவில் ஒருவருக்குச் சம்பளம் இல்லாத விடுப்பு. வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் பார்க்கும் தாயால் இதை எத்தனை முறை செய்ய முடியும்? தன் பிள்ளைகள் பிரக்ஞானந்தா, வைஷாலி இருவரோடும் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போய், அறையிலேயே சோறும் ரசமும் வைத்துக் கொடுத்த நாகலட்சுமியைப் பற்றி எல்லோரும் நெகிழ்ந்து பேசுகிறோம். ஒரு தாயிடம் அவ்வளவு கேட்க வேண்டியிருப்பது எனக்கு நெகிழ்ச்சியைவிடக் கவலையையே தருகிறது.

2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாட் நடந்த பிறகு பள்ளிகளில் பலகைகள் வந்தன, பிள்ளைகள் வந்தார்கள். போட்டிகளுக்கும் குறைவில்லை. அமைப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வருடத்தில் இரண்டு மூன்று போட்டிகளையாவது ஆறு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்றாக வையுங்கள். ஆளுக்கு முப்பது நிமிடம் கொடுங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து விநாடி சேருங்கள். ‘ராபிட்’ எனப்படும் இந்த வேக ஆட்டத்தில் நகர்த்தல்களை எழுத வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அமைப்பாளர் சொல்லலாம். பிள்ளை பென்சிலை எடுத்து எழுதும் அந்த ஐந்து விநாடி, கை காய்க்குப் போவதைத் தானாகத் தள்ளிப்போடும். வீட்டுக்குப் போனதும் எங்கே விட்டோம் என்று பார்க்க ஒரு தாளும் இருக்கும்.

நான்கு சுற்றில் ஒரே சாம்பியன் வரமாட்டார் என்பார்கள். உண்மைதான். நூறு பேரில் ஆறு பேர் முழுப் புள்ளியோடு நிற்பார்கள். ஆறு பேருக்கும் ஒரே உயரத்தில் கோப்பை கொடுக்கலாம். டை பிரேக்கில் அழும் பிள்ளைகளும் குறைவார்கள்.

இப்போதும் ஒவ்வொரு போட்டியிலும் கடைசியாக ஒரு மேசை மிஞ்சும். மற்ற எல்லோரும் ஓடிப்போன பிறகு, இரண்டு ராஜாக்களும் நாலைந்து சிப்பாய்களுமாக இரண்டு பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்திருக்கும். நடுவர் பக்கத்தில் வந்து நிற்பார். ஜன்னல் கம்பிக்கு வெளியே பெற்றோர் எட்டிப் பார்ப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். அந்த மேசைக் கடிகாரத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட இருக்காது.