யாருடைய ஸ்ருதி?

பியானோ ஸ்ருதி சேர்ந்திருக்கிறது என்று சொல்வதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, அதன் தந்திகள் ஒன்றோடொன்று ஒத்துப் பேசுகின்றன என்பது. மற்றொன்று, அவை எல்லாமாகச் சேர்ந்து எந்த உயரத்தில் நிற்கின்றன என்பது. முதலாவது காதின் காரியம். நல்ல காதும் பொறுமையும் உள்ளவர் அதைத் தீர்த்துவிடுவார். இரண்டாவதைக் காது தீர்மானிக்க முடியாது. யாராவது ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணை யார் சொல்வது, சொன்னபின் அது யார் தலையில் விடிகிறது என்பதைப் பற்றி ஐரோப்பாவில் இருநூறு வருஷமாகச் சண்டை நடந்திருக்கிறது. சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். எனக்கென்னவோ அடிக்குறிப்பில்தான் கதை இருப்பதாகத் தோன்றுகிறது.

நமக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாகக் கிடையாது. நம் கச்சேரியில் பாடுகிறவர் தம் சாரீரத்துக்கு ஏற்ற ஸ்ருதியை வைத்துக்கொள்கிறார். பிடில்காரர் தந்தியை ஏற்றியோ இறக்கியோ அதோடு சேர்ந்துகொள்கிறார்; மிருதங்கக்காரர் அந்த ஸ்ருதிக்குத் தோதான மிருதங்கத்தைக் கொண்டுவருகிறார். ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டைதான். ஒரு கட்டை என்றால் மேல்நாட்டார் ‘ஸி’ என்று சொல்லும் ஸ்வரம். ஆனால் நமக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. கட்டை இம்மி ஏறினது இறங்கினது என்று நம் வித்வான் கோர்ட்டுக்குப் போகமாட்டார். தொண்டை முதலில், வாத்தியம் பிறகு என்பது எழுதாத சட்டம்.

மேல்நாட்டில் எழுதி வைத்த சங்கீதம். இயற்றியவர் எந்த ஸ்வரத்தில் எழுதினாரோ அதிலேயே பாட வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் எண்பது பேர் ஒன்றாக வாசிக்க வேண்டுமானால், ‘ஏ’ என்ற ஸ்வரம் வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டாக வேண்டும். வழக்கமாக அந்த ‘ஏ’யை ஓபோ என்ற வாத்தியம் கொடுக்கும். நம் நாகஸ்வரத்தைப் போல அதுவும் சீவாளி வைத்து ஊதுவது. ஆனால் மேடையில் பியானோ வந்துவிட்டால் ஓபோவின் அதிகாரம் போயிற்று. பியானோவின் ‘ஏ’தான் சட்டம். மற்றவர்கள் ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளலாம். பியானோ அன்று மாலைக்குள் மாறாது.

ஏன் மாறாது என்று கேட்டால், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். கட்டைகள் 88. பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மூன்று தந்திகள். எல்லாம் சேர்ந்து 220-க்கு மேல். அத்தனையும் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் இழுப்பு சுமார் 20 டன். ‘ஏ’யை 440-லிருந்து 442-க்கு ஏற்றினால் காதுக்குத் தெரியும் வித்தியாசம் மிகச் சொற்பம், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 20 டன் இழுப்பில் இன்னும் 180 கிலோ கூடுகிறது. முதலில் ஏற்றிய தந்திகள், பிறகு மற்றவற்றை ஏற்றும்போது தாமாகவே சற்று இறங்கிவிடும். ஒலிப்பலகையும் சட்டமும் புதுச் சுமைக்கு நெளிந்து கொடுப்பதே காரணம். ஆகவே ஸ்ருதி சேர்க்கிறவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை, எல்லாத் தந்திகளையும் சுற்றி வரவேண்டும். அப்படியும் அவசரத்தில் ஏற்றிய பியானோ இடைவேளைக்குள் தன் இஷ்டத்துக்குப் போகத் தொடங்கும்.

அப்படியானால் ஓர் எண்ணில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கலாமே? மனிதர்கள் இருக்கவில்லை. ஹேண்டலுடையது என்று சொல்லப்படும் 1751-ம் வருஷத்து இசைக்கவை 422.5 அதிர்வு கொடுக்கிறது. நூறு வருஷத்துக்குப் பின் 1858-ல் பாரிஸ் ஆப்பெராவில் அது 448. லண்டனில் அதற்கும் மேலே போய் 452-ஐத் தாண்டியது. யாரும் கூட்டம் போட்டு ஏற்றவில்லை. ஓர் ஊர் வாத்தியக்கோஷ்டி இம்மி ஏற்றி வைத்தது, கேட்டவர்கள், “ஆஹா, என்ன பிரகாசம்!” என்றார்கள். அடுத்த ஊர்க்காரன் இன்னும் இம்மி ஏற்றினான். ஊது வாத்தியம் செய்கிறவர்கள் அதற்கேற்பச் செய்து விற்றார்கள்.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். முதல் அத்தியாயத்தில் ஒரு கொலை என்றால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த கதையில் இரண்டு கொலை இருந்தால்தான் அதே நிமிர்வு. பத்து வருஷத்தில் ஊரே காலியாகிவிடும். வாசகரோ கொட்டாவி விடுவார். பிரகாசம் என்பது பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிற குணம். எல்லோரும் ஏறிவிட்டால் அந்தப் பிரகாசம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான். ஆனால் செலவு மட்டும் நின்றுவிடுகிறது.

செலவைக் கொடுத்தவர்கள் பாடகர்கள். தந்தியை முறுக்கலாம், குழலைப் புதிதாகச் செய்யலாம். தொண்டையைப் புதிதாகச் செய்ய ஆசாரி கிடையாது. பீத்தோவனின் ஒன்பதாவது ஸிம்பனியில் பெண் குரல்கள் மேல் ஸ்தாயி ‘ஏ’யை விடாமல் பிடித்து நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எழுதியபடி பாடுவதே ஏறக்குறையத் தண்டனை. அதன்மேல் வாத்தியக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே போனால் அந்தப் பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

பிரெஞ்சு சர்க்கார் பதில் சொல்லப் பார்த்தது. ரொஸ்ஸினி, பெர்லியோஸ் முதலியோர் இருந்த ஒரு குழுவை வைத்து, 1859-ல் ‘ஏ’ என்றால் 435 என்று சட்டம் போட்டது. 1885-ல் வியன்னாவில் பல நாட்டார் கூடி அதையே ஏற்றார்கள். 1919-ல் வெர்ஸேல்ஸ் சமாதான உடன்படிக்கையில், ஜெர்மனி தொடர்ந்து மதிக்க வேண்டிய பழைய ஒப்பந்தங்களின் ஜாபிதாவில், இந்த ஸ்ருதி ஒப்பந்தமும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. லட்சக்கணக்கான பேர் செத்து முடிந்த யுத்தத்தின் கணக்கைத் தீர்க்கும்போதும், ‘ஏ’ எவ்வளவு என்பதை மறக்காத குமாஸ்தா ஒருவர் இருந்திருக்கிறார். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

சட்டத்தைவிடச் சுருக்காக வேலை செய்தது ஒரு வைத்தியரின் பணம். 1895-ல் லண்டன் குவீன்ஸ் ஹாலில் ராபர்ட் நியூமன் என்பவர் சுலபமான கட்டணத்தில் கச்சேரிகள் நடத்த நினைத்தபோது, ஜார்ஜ் காத்கார்ட் என்ற தொண்டை வைத்தியர் முதல் கொடுக்க முன்வந்தார். அவர் போட்ட நிபந்தனை இரண்டு: இருபத்தாறு வயது ஹென்றி உட் கச்சேரியை நடத்த வேண்டும், ஸ்ருதியைப் பிரெஞ்சு அளவுக்கு இறக்க வேண்டும். ஊது வாத்தியக்காரர்கள் புது வாத்தியம் வாங்க மாட்டோம் என்றார்கள். வைத்தியர் தம் செலவிலேயே வாத்தியங்களைத் தருவித்துக் கடனாகக் கொடுத்தார். பிற்பாடு அவர்களே அவற்றை வாங்கிக்கொண்டார்கள். தினமும் புண்பட்ட தொண்டைகளைப் பார்த்தவருக்கு, உயர்ந்த ஸ்ருதியின் பிரகாசம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருந்தது.

அடுத்த வருஷமே லண்டன் பில்ஹார்மானிக் சங்கம் 439-ஐ எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுச் சட்டத்தின் 435, 15 டிகிரிக் குளிருக்குச் சொன்னது. மண்டபத்தின் வெதுவெதுப்பில் அது ஏறும் என்று கணக்குப் போட்டார்கள். 1939-ல் லண்டனில் கூடிய சர்வதேச மகாநாடு 440 என்றது. அந்த ஓர் அதிர்வு ஏன் கூடியது என்றால், 439 வேறெந்த எண்ணாலும் வகுபடாத எண். ரேடியோ நிலையத்தில் ஸ்படிகக் கடிகாரத்திலிருந்து பெருக்கியும் வகுத்தும் ஸ்ருதியை உண்டாக்க 440 சௌகரியமாக இருந்தது. 1955-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு அதையே சிபாரிசு செய்தது. இவ்வளவு சாதாரணமான காரணத்துக்காக ஒரு ஸ்வரம் நிலைபெற்றதில் எனக்குச் சந்தோஷமே. எண்ணுக்குப் புனிதம் இல்லை என்பது அதனால் தெளிவாகிறது.

புனிதம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 432-தான் பிரபஞ்சத்தின் ஸ்ருதி, மற்றவை மனத்தைக் கெடுக்கும் என்று இன்று பலர் பிரசாரம் செய்கிறார்கள். வெர்தி 1884-ல் 432-ஐ ஆதரித்தது வாஸ்தவம். பாடகரின் தொண்டையும், எங்கும் ஒரே ஸ்ருதி இருக்க வேண்டுமென்ற ஆசையும் அவருக்குப் போதுமான காரணங்கள். பிரபஞ்சத்தை அவர் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. வினாடி என்பதே நாளை மனிதன் தன் சௌகரியத்துக்கு வெட்டிக்கொண்ட துண்டு. அந்தத் துண்டுக்கு இத்தனை அதிர்வு என்று நட்சத்திரங்கள் எப்படித் தீர்மானிக்கும்?

இன்றைக்கும் ஏற்றம் நின்றபாடில்லை. நியூயார்க் பில்ஹார்மானிக் 442-ல் வாசிக்கிறது. பெர்லினும் வியன்னாவும் 443-ல். இந்நிலையில் ஒரு மண்டபத்துப் பியானோவை எங்கே நிறுத்துவது? என் அபிப்பிராயம் இதுதான்: யாரால் மாற்றிக்கொள்ள முடியாதோ அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். குழாய் ஆர்கனோடு வாசிப்பதானால் ஆர்கன் சொல்வது சட்டம். 442-க்கென்று வார்த்த உலோகப் பட்டைகளுள்ள வைப்ரபோன் மேடையில் இருந்தால் பியானோதான் இணங்க வேண்டும். பாடகர் வருகிறார் என்றால் 440-க்கு மேலே போகவே வேண்டாம். தனி வாசிப்பென்றால், ஈரக்காற்றில் ஒலிப்பலகை உப்பி 441-ல் சமமாக நிற்கிற பியானோவை எண்ணுக்காக இறக்குவது வீண். தந்திகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். வயதான பியானோவை எந்த விருந்தாளிக்காகவும் முறுக்கக் கூடாது. திங்கட்கிழமை 442, வியாழக்கிழமை 440 என்று ஒரே வாத்தியத்தை ஏற்றி இறக்கும் மண்டபத்தில் எந்த எண்ணும் நிலைக்காது.

இதில் சபையோருக்கும் பங்கு உண்டு. ஏற்றியவர்கள் எல்லோரும் நம் கைதட்டலைக் கேட்டுத்தான் ஏற்றினார்கள். இம்மி தூக்கலாக ஒலித்தால் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது காதின் பலவீனம். தட்டுமுன் மேடையில் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்க்கலாம்.